மவுத் ஆர்கனும் மரியாளும்

கேள்வி: நற்செய்தி இசையில், அதாவது 'காஸ்பல்' எனும் கிறிஸ்தவப் பக்தி இசையில், மவுத் ஆர்கன் வாசித்தே ஒருவர் பெயர் வாங்க முடியுமா?

பதில்: பட்டி கிரீன் வாங்கியிருக்கிறாரே! 1953-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில் பிறந்தவர். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான 'கன்ட்ரி' இசைப் பாடகர் ஜெர்ரி ரீடின் குழுவில் வாசித்துவிட்டு, அப்புறம் தனியாக நற்செய்திப் பாடல்களில் இறங்கினார்.

ஆனால், பலருக்கு அவரைத் தெரிந்தது ஒரு மெட்டால்தான். இயேசுவின் தாய் மரியாளைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளாகப் பாடகர் மார்க் லௌரி 1984-இல் எழுதிய வரிகள் பல வருஷம் மெட்டில்லாமல் கிடந்தன. கிரீன் மெட்டுப் போட, 1991-இல் மைக்கேல் இங்கிலிஷ் பாடி வந்தது 'மேரி, டிட் யூ நோ?'. இப்போது அது இல்லாத கிறிஸ்துமஸ் கச்சேரி அபூர்வம்.

எனக்கென்னவோ, நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் கிரீன் வாசித்த, ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபரா (இசை நாடகம்) முன்னிசைப் பகுதிதான் அதிசயம். மவுத் ஆர்கனில் பத்தே துளை. கீழ்ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் கிடையவே கிடையாது. மூச்சை உள்ளிழுத்து, நாக்கின் நிலையை மாற்றி, ஸ்வரத்தை வளைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கருவியில் குதிரைப் பாய்ச்சல் போல ஓடும் ரோசினியின் இசையா! மனுஷன் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று இன்னும் தேடுகிறேன்.

கற்கும் ஆசையா? சி சுருதியில் ஒன்று வாங்குங்கள், போதும்.