கடற்காற்றும் பேஸ் கிற்றாரும்

கேள்வி: உப்புவெளி ஹோட்டல்களில் பேஸ் வாசிக்கிறேன். தந்தி மாதத்துக்குள் துருப்பிடிக்கிறது. போன கிழமை பாதிப் பாட்டில் சத்தமும் கரகரத்து அமுங்கிவிட்டது. என்ன செய்ய?
– வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, துருவுக்குக் கடற்காற்று பாதி, விரல் வியர்வை பாதி. வாசித்து முடிந்ததும் பழைய சாரத்துண்டால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். நிலாவெளிக் கலியாணம் ஒன்றில் துடைக்காமலே பைக்குள் வைத்தேன். ஒரு கிழமை கழித்துத் தொட்டால், அரம்!

சத்தம் அமுங்கியதா? உங்களுடையது அக்டிவ் பேஸ் (உள்ளே பற்றரியில் இயங்கும் வகை) என்றால் முதலில் 9 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். பெரும்பாலும் வயர் சொருகியிருக்கும் வரை, வாசிக்காவிட்டாலும், அது தீர்ந்துகொண்டே இருக்கும். இடைவேளையில் வயரைக் கழற்றிவிடுங்கள். பையில் புதுப் பற்றரி ஒன்றும் கிடக்கட்டும்.

அப்புறம், அம்ப்ளிஃபயரை, அதாவது சத்தம் பெருக்கும் பெட்டியை, பலகை மேடையில் நேரே வைத்தால் 41 ஹேர்ட்ஸ் தாழ்ந்த சுருதி ‘E’ தந்திக்கு மேடையே உறுமும். கதிரைமேல் தூக்கி வையுங்கள்.