உருளைக்கிழங்கும் நம் இரவு வெப்பமும்

கேள்வி (ஈசூன் வாசகி): சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் முன்நடையில், சாக்குப்பையில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு நட்டேன். செடி முழங்கால் உயரத்துக்குத் தழைத்தது. தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நான்கு கிழங்குகளே இருந்தன. குறுகிய காலப் பயிர், நீண்ட காலப் பயிர் என்று பிரிவுகள் உண்டாமே. வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனா?

பதில்: தவறு உங்களுடையது அன்று. அந்தப் பிரிவுகள் குளிர்நாடுகளில் அறுவடைக்கு ஆகும் காலத்தை வைத்து அமைந்தவை: குறுகிய காலப் பயிர் ஏறத்தாழ 10 முதல் 12 வாரங்களிலும், நீண்ட காலப் பயிர் 15 முதல் 20 வாரங்களிலும் விளையும். ஆனால் எந்த வகையானாலும் உருளைக்கிழங்கு நன்கு கிழங்கு வைக்க இரவு 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர வேண்டும். உதகையில் கிடைக்கும் அந்தக் குளிர், இரவிலும் பெரும்பாலும் 24 டிகிரிக்குக் குறையாத சிங்கப்பூரில் இல்லாததால், கிழங்கு வைக்கத் தூண்டும் சமிக்ஞை இலைகளிலேயே மங்கி, செடியின் உழைப்பெல்லாம் தண்டுக்கும் தழைக்குமே போய்விடுகிறது. வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே இந்தியாவில் குஃப்ரி சூர்யா என்ற வகையை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்கும் நம் இரவுகள் கடுமையானவையே. மீண்டும் முயல விரும்பினால் குறுகிய கால வகையையே நடுங்கள். வெப்ப மண்ணில் பரவும் வாடல் நோய் தாக்குவதற்குமுன் சிறு கிழங்குகளையாவது எடுத்துவிடலாம்.

நானாக இருந்தால் அந்தச் சாக்கில் சர்க்கரைவள்ளியை நடுவேன். பெயரில் கிழங்கு இருந்தாலும் அது உருளைக்கிழங்கின் உறவன்று. வெப்பத்தை விரும்பும் கொடி. ஒரு முழத் தண்டை, கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் நான்கு மாத அளவில் கிழங்கு எடுக்கலாம். அதற்கிடையே இளந்தளிர்களைக் கீரையாகவும் சமைக்கலாம். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இதுவும் இலையாகவே போய்விடும் என்பதை மட்டும் மறவாதீர்கள். திருநெல்வேலி வீடுகளில் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டலப் பயிர்தான். நடுவதற்குக் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி (ஜூரோங் வாசகர்): முளைவிட்டுத் தோல் பச்சையான உருளைக்கிழங்கைச் சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சை நிறத்தோடு சொலனின் என்னும் நச்சுப்பொருளும் கூடுகிறது. வேகவைத்தாலும் அது அழிவதில்லை. நடுவதற்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். செடி வளர வளர அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்து வந்தால், புதிய கிழங்குகள்மேல் வெயில் படாது.