காலில் குறையில்லை, கட்டளைதான் தாமதம்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மாவட்ட அளவில் பாட்மிண்டன் ஆடுகிறான். காலைப் பயிற்சியில் குறையே இல்லை. மாலையில் டியூஷன் முடித்து ஏழரை மணிக்குக் கோர்ட்டில் இறங்கினால், ஷட்டில் தாண்டிப் போன பிறகுதான் மட்டையை நீட்டுகிறான். ‘சோம்பேறி’ என்று திட்டுகிறார் கோச். உடம்பில் தெம்பு இல்லையோ? டானிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: டானிக் பாட்டில் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும், சகோதரி. தெம்பில்லாத பிள்ளை காலையிலும் தள்ளாடுவான். டியூஷனுக்குப் பிறகு மட்டும் பிந்துகிறான் என்றால், பெரும்பாலும் களைத்திருப்பது மூளைதான். ‘உட்கார்ந்து படித்தவனுக்கு என்ன களைப்பு?’ என்று நம் வீடுகளில் கேட்பது வழக்கம். களைப்பு உண்டு, அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 பேரை 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலையில் உட்கார வைத்து, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். அதே அளவு நேரம் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், கணினி வேலை செய்த நாளில் 640 விநாடியிலேயே ஓய்ந்தார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கேற்ற மாற்றம் எதுவும் தெரியவில்லை. மிதிப்பதே பெரும்பாடாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

உங்கள் மகனுக்கு நெருக்கமானது 2019-இல் பாட்மிண்டன் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு. மூளை களைத்த பிறகு, யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய சைகைகளுக்கு அவர்கள் கை நீட்டுவது தாமதமானது. பல ஆண்டுப் பயிற்சியும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கோர்ட்டில் நடப்பதும் அதுதானே? வருவது ஸ்மாஷா, டிராப்பா, வலமா, இடமா என்று கண்ட நொடியில் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இம்மியளவு பிந்தினாலும் போதும், கால் எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு 30 செ.மீ. ஸ்கேல்களைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் இரண்டு கைவிரல்களையும் பூஜ்ஜியக் கோட்டருகே தொடாமல் வைத்திருக்கட்டும். சொல்லாமல் ஏதாவது ஒன்றை விடுங்கள். அந்தப் பக்கத்துக் கையால் மட்டும் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் சுமார் 0.2 விநாடி. 30 செ.மீ. முழுவதும் நழுவினால் கால் விநாடி போயிற்று. ஞாயிறு காலையில் பத்து முறை, டியூஷன் முடிந்த மாலையில் பத்து முறை செய்து, எண்களைக் குறித்துக் கோச்சிடம் காட்டுங்கள். திட்டுவதை அவர் நிறுத்தக்கூடும்.

டியூஷனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பிளஸ் ஒன் பாடச்சுமை எனக்கும் தெரியும். முடிந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் பயிற்சி, பிறகு பாடம். முடியாதென்றால் ஷாட் தேர்வும் ஆட்டமும் காலையில், ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் மாலையில் என்று கோச்சிடம் கேளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் நடை. செல்போன் வேண்டாம். ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் அதில் மூழ்கிய கால்பந்து வீரர்கள் களத்தில் தவறான முடிவு எடுத்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை ‘ரிலாக்ஸ்’ என்கிறார்கள்! காபி சற்று விழிப்பூட்டும்; ஆனால் ஏழு மணிக் காபி இரவுத் தூக்கத்தைப் பறித்து, மறுநாள் காலை ஆட்டத்தையும் கெடுத்துவிடும்.

காலையிலும் ஷட்டிலைத் தவறவிடத் தொடங்கினால் கண் பரிசோதனையும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துவிடுங்கள். டானிக் தேவையா என்பதை அப்போது மருத்துவர் சொல்லட்டும்.