செயற்கைக்கோள் உரிமம்: முதலில் அலைவரிசை

வணிகச் செயற்கைக்கோள்களுக்கு உரிமம் வாங்கித் தருவது என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அப்புறம் அரசு அனுமதி எதற்கு?

சொந்தமில்லைதான், பொறுப்பு உண்டே. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவுப்படி, தனியார் அங்கே என்ன செய்தாலும் அவர்களுடைய நாடுதான் பொறுப்பு. அனுமதி தருவதோடு, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். செயற்கைக்கோள் தரையில் விழுந்து சேதம் செய்தால், தவறு யாருடையது என்று பாராமல் ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1972 ஒப்பந்தம். 1978இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணுஉலையோடு கனடாவில் சிதறி விழுந்தது. கடைசியில் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நாளைக்குப் பணம் கட்டப்போவது அரசு என்றால், அது இன்றைக்கே கேள்வி கேட்கத்தான் செய்யும்.

செயற்கைக்கோள் தயாராகிவிட்டது. இனி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

தலைகீழாகப் போகிறீர்கள். முதலில் அலைவரிசை, பிறகுதான் வன்பொருள். ஒரு குழு முழுதாக மூடி முடித்த பெட்டியோடு என்னிடம் வந்தது. உள்ளே 437 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. அது பொழுதுபோக்காக வானொலி இயக்கும் அமெச்சூர்காரர்களுக்கான அலைவரிசை, அதில் காசுக்குச் சேவை நடத்த முடியாது. பக்கத் தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ரேடியோ பலகையை வெளியே எடுத்தார்கள். அதிர்வுச் சோதனையைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அலைவரிசைகளைப் பதிவுசெய்யும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு உங்கள் நாட்டு அரசுதான் விண்ணப்பம் அனுப்பும், நீங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. அங்கே பதிவானதிலிருந்து 7 ஆண்டுக்குள் அந்த அலைவரிசையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை போய்விடும்.

எங்களுடையது கைக்குள் அடங்கும் அளவுதான். விலக்கு உண்டா?

கிடையாது. 2018 ஜனவரியில் ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனம் 4 குட்டிச் செயற்கைக்கோள்களைப் பி.எஸ்.எல்.வி.யில் ஏற்றி அனுப்பியது. ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 3 செ.மீ.கூட இல்லாத தடிமன். இவ்வளவு சின்னதை ரேடாரில் தொடர்ந்து பார்க்க முடியாமல் போகலாம் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஏற்கெனவே அனுமதி மறுத்திருந்தது. அதையும் மீறி ஏவினார்கள். 9 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

அந்தத் தொகை அநியாயம். ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் எதிரொலிப்பான் வைத்திருந்தார்கள், பின்னர் ரேடாரில் தெரியவும் செய்தது. புதுமை செய்பவர்களை இப்படியா மிரட்டுவது?

தெரிந்தது உண்மை. ஆனால் அது ஏவிய பிறகு கிடைத்த விடை. 2009இல் இரிடியம் 33 என்ற செயற்கைக்கோள் மீது செயலிழந்த காஸ்மாஸ் 2251 செயற்கைக்கோள் மோதி இரண்டுமே ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. மேலே ஒருவர் தவறு செய்தால் அந்தப் பாதையில் சுற்றும் எல்லோரும் அனுபவிக்க வேண்டும். எஃப்.சி.சி.க்குச் சந்தேகம் என்றால் கூடுதல் சோதனை முடிவுகளைக் கொடுத்து மறுபடி கேட்டிருக்கலாம். அதே நிறுவனம் பின்னால் முறையாக அனுமதி வாங்கிச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி.

சரி, ஆனால் தாமதம்? அனுமதி வருவதற்குள் நிறுவனமே மூடிவிடும்.

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சிறு நிறுவனத்தால் பல மாதம் காத்திருக்க முடியாது. தாமதத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன். அனுமதியே இல்லாமல் ஏவியதற்கு மட்டும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

மாணவர்கள் செய்யும் 1 கிலோ செயற்கைக்கோளுக்கும் உரிமம் வேண்டுமா?

வேண்டும். முதலில் அலைவரிசை.

சோதனைக்காக ஒரே மாதம் மட்டும் இயங்கும். அதற்குமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். எடையோ நாளோ கணக்கில்லை. ஆம்.

வீட்டு மாடியில் டிஷ் வைக்க அனுமதி?

என் துறை இல்லை. சேவை தரும் நிறுவனத்தைக் கேளுங்கள்.

ஆயுள் முடிந்த பிறகு யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள். தாழ்ந்த பாதையில் இருப்பவற்றை, பணி முடிந்து 5 ஆண்டுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று 2022இல் எஃப்.சி.சி. விதி கொண்டுவந்தது. அதற்கு முன் 25 ஆண்டு அவகாசம் இருந்தது. பூமியோடு சேர்ந்தே சுற்றும் உயரமான புவிநிலைப் பாதையில் இருப்பவற்றை இறக்குவதில்லை, இன்னும் மேலே ஒதுக்கிவிடுவார்கள். அப்படி அங்கிருந்த எக்கோஸ்டார்-7 செயற்கைக்கோளை 300 கி.மீ. மேலே தள்ளுவதாக டிஷ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. எரிபொருள் போதாமல் 122 கி.மீ.யிலேயே விட்டுவிட்டது. 2023இல் 1.5 லட்சம் டாலர் அபராதம். ஆகவே கடைசிப் பயணத்துக்கான எரிபொருளைத் தனியாகக் கணக்கிட்டு, விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.