பதினாறு பேர், இரண்டு சீபிளேன், ஒரு தேநீர் விருந்து

கேள்வி: கனடாவில் சர்ரே நகரில் இருக்கிறோம். எங்கள் தமிழ்ப் பெண்கள் குழுவில் 16 பேர். ஜூன் கடைசியில் வான்கூவரிலிருந்து சீபிளேனில் (தண்ணீரில் எழும்பி இறங்கும் சிறிய விமானம்) வான்கூவர் தீவிலுள்ள விக்டோரியா போய், புட்சார்ட் தோட்டத்தைப் பார்த்து, அங்கேயே பிற்பகல் தேநீர் விருந்தையும் முடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்ப ஆசை. இருவர் 70 வயதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. ஆறு பேர் சைவம், அவர்களில் இருவர் முட்டையும் சேர்க்க மாட்டார்கள். எப்படித் திட்டமிடுவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் அருமையானது. ஜூன் கடைசியில் புட்சார்ட்டில் ரோஜா பூத்துக் குலுங்கும். வான்கூவரில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும் என்பது இன்னும் பெரிய வசதி. ஏனென்றால் சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். விமானி தண்ணீரைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

ஒரே விமானத்தில் எல்லோரும் போக முடியாது என்பதை முதலிலேயே குழுவில் சொல்லிவிடுங்கள். இந்த வழியில் அதிகம் பறக்கும் ஆட்டர் விமானத்தில் 14 பேர்தான் உட்காரலாம். அதைவிடச் சிறிய பீவர் விமானத்தில் ஆறு பேர். எட்டு எட்டாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு அணியிலும் ஒரு மூத்தவர், அவருக்குத் துணையாக ஒரு இளையவர் இருக்கட்டும். வார நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகம் போகிறவர்கள் நம்பியிருக்கும் வழி இது, அதனால் வார நாட்களில் பயணங்கள் அதிகம். ஒன்று தவறினாலும் அடுத்தது கிடைக்கும்.

பதிவின்போது ஒவ்வொருவரின் எடையையும் கேட்கலாம். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். சிறிய விமானத்தில் யார் எங்கே உட்காருவது, எவ்வளவு பை ஏற்றுவது என்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான். எடை கூடினால் தண்ணீரை விட்டு எழும்ப நீண்ட தூரம் ஓட வேண்டும். எடை பின்பக்கம் சேர்ந்தால் விமானத்தின் சமநிலையே கெடும். உடுப்பு, காலணியோடு நின்று பார்த்த எடையைச் சொல்லுங்கள். குழுவில் ஒருவர் எல்லோரிடமும் வெளிப்படையாகக் கேட்டு எழுதுவதைவிட, அவரவர் தனியாக அனுப்பி வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு கைப்பை போதும்.

முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம் விமானத்துக்குள் இல்லை, அதில் ஏறும் இடத்தில்தான். விமானம் மிதக்கும் மேடையை ஒட்டி நிற்கும். மேடையிலிருந்து விமானத்தின் அடியிலுள்ள மிதவையில் கால் வைத்து, குறுகலான சில படிகள் ஏறி, தலையைக் குனிந்து உள்ளே போக வேண்டும். கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் சாய்தளமும் கடல் நீர் வடிந்திருக்கும் நேரத்தில் செங்குத்தாகிவிடும். நீர் ஏறியிருக்கும்போது ஏறக்குறைய சமமாக இருக்கும். கனடா அரசு வெளியிடும் ஓத (கடல் நீர் ஏற்ற இறக்க) அட்டவணையில் அந்த நாளுக்கான நேரங்களைப் பார்த்து, நீர் ஏறியிருக்கும் வேளைக்குப் பதிவு செய்தால் அவருக்குப் பாதிச் சிரமம் குறையும். பதிவின்போதே அவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் பணியாளர்கள் கைகொடுப்பார்கள்.

புடவை அன்று வேண்டாம். குதிகால் உயர்ந்த செருப்பும் வேண்டாம். சுடிதார், தட்டையான காலணி, காற்றுக்கு ஒரு மேலுடுப்பு போதும். விமானத்தில் கழிப்பறை கிடையாது, 35 நிமிடப் பயணம்தான். உயிர்காப்பு மேலங்கி தருவார்கள், எப்படிப் போடுவது என்றும் காட்டுவார்கள். விமானத்துக்குள் இருக்கும்போது அதை எந்தக் காரணத்துக்காகவும் ஊத வைக்கக் கூடாது. ஊதிய மேலங்கியோடு கதவு வழியாக வெளியேறுவது கடினம், விமானத்துக்குள் தண்ணீர் புகுந்தால் அது உங்களைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும். இதை எல்லோருக்கும் முந்தின நாளே ஒருமுறை சொல்லுங்கள்.

அன்றைய நேரக் கணக்கு இப்படி இருக்கலாம். சர்ரேயின் கிங் ஜார்ஜ் நிலையத்தில் ஸ்கைட்ரெயின் என்ற நகர ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் வாட்டர்ஃபிரண்ட். அங்கிருந்து கோல் ஹார்பரில் உள்ள சீபிளேன் முனையம் நடை தூரம். மூத்தவர்களுக்கு 15 நிமிடம் வையுங்கள். முதல் அணி ஒன்பது மணி வாக்கில் கிளம்பினால், இரண்டாவது அணியும் பத்தரைக்குள் விக்டோரியா உள்துறைமுகத்தில் இருக்கும். அங்கிருந்து தோட்டம் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 75ஆம் எண் பேருந்து போகிறது, ஆனால் 16 பேர், அதில் இரண்டு மூத்தவர்கள் என்பதால் தனி வேன் வைப்பதே என் யோசனை. தோட்டத்தில் 11.15. தேநீர் மேசை ஒன்றரை மணிக்கு. அதற்கு முந்தைய நேரத்துக்கு மேசை பதிவு செய்தால் தோட்டத்தை ஓட்டமாக ஓடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் முதலில் பள்ளத் தோட்டத்துக்குப் போங்கள். ராபர்ட் புட்சார்ட்டின் சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளம் அது. கல் தீர்ந்தபின் வெறும் குழியாகக் கிடந்ததை அவர் மனைவி ஜென்னி வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து நிரப்பி, 1921இல் தோட்டமாக்கி முடித்தார். மேலே நின்று பார்க்கும் இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள், பள்ளத் தோட்டம் முழுவதும் கண்ணுக்குள் விழும் இடம் அது. அங்கிருந்து கீழே போகப் படிக்கட்டு இருக்கிறது. படியில்லாத சரிவுப் பாதையும் உண்டு, முழங்கால் வலிக்காரர் அதில் போகட்டும். பிறகு ராஸ் நீரூற்று, ரோஜாத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், இத்தாலியத் தோட்டம் என்ற வரிசையில் நடந்தால் தேநீர் பரிமாறும் பழைய வீட்டருகே வந்து சேர்வீர்கள். ஜப்பானியத் தோட்டம் நிழலும் சரிவுமானது, ஈரமிருந்தால் வழுக்கும். தேநீர் பரிமாறும் அந்தப் பழைய வீடு, வந்தவர்களுக்கெல்லாம் ஜென்னி தேநீர் கொடுத்து உபசரித்த வீடு. துறைமுகத்துக்கு எதிரே உள்ள எம்பிரஸ் ஓட்டலின் தேநீரும் பேர்பெற்றதுதான். ஆனால் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து குடிப்பதை விட்டுவிட்டு அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது சாப்பாடு. கவனம் மிகவும் தேவைப்படுவது இதில்தான். கனடாவில் ‘வெஜிடேரியன்’ என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்று மட்டுமே பொருள்; முட்டை இருக்கும். தேநீர்த் தட்டில் முட்டை ஒளிந்திருக்கும் இடங்கள் பல. சாண்ட்விச்சில் மயோனைஸ், ஸ்கோன் என்ற சிறு ரொட்டியின் மாவிலும் அதன் மேல் பளபளப்புக்குத் தடவும் பூச்சிலும், லெமன் கர்ட் என்ற எலுமிச்சைக் கூழில் மஞ்சள் கரு, மக்கரோனில் வெள்ளைக் கரு, கேக் எல்லாவற்றிலும். மூஸ், ஜெல்லி போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கிலிருந்து வருவது. ஆகவே ‘ஆறு பேர் வெஜிடேரியன், ஆறு பேருக்கும் ஜெலட்டின் கூடாது, அவர்களில் இரண்டு பேருக்கு முட்டையும் கூடாது, ஆறு பேருக்கும் தனித் தட்டு’ என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்து, ஒரு வாரம் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள். தனித் தட்டு என்று வற்புறுத்தக் காரணம், அடுக்குத் தட்டைப் பலர் பகிரும்போது சால்மன் மீன் சாண்ட்விச்சும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் ஒட்டியே வரும்.

மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டாம், இந்த விருந்தே வயிறு நிறையும். உப்புப் பண்டம், ஸ்கோன், இனிப்பு என்ற வரிசையில் சாப்பிடுங்கள். ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் பிரித்து, வாய்க்கு எடுக்கும் அளவுக்கு மட்டும் க்ரீமும் ஜாமும் தடவிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கெட்டித் தேநீர் பழகியவர்கள் அசாம் வகை கேளுங்கள், பால் தாங்கும். எலுமிச்சைத் துண்டு போட்ட கோப்பையில் பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

திரும்பும் விமானங்களை ஐந்தரை மணிக்குப் பிறகு வையுங்கள், வேன் நாலரைக்குக் கிளம்பட்டும். திரும்பும் சீட்டு மட்டுமாவது நேரம் மாற்றக்கூடிய வகையாக இருக்கட்டும். காலை மூடுபனி, பலத்த காற்று, அலை இவற்றால் பயணம் நின்றுபோகலாம். தேநீர் முடிந்ததும், மூன்றரை மணிக்கு, விமான நிலவரத்தைக் கேளுங்கள். ரத்து என்றால் வேன் தெற்கே விக்டோரியாவுக்குப் போக வேண்டாம். வடக்கே ஸ்வார்ட்ஸ் பே துறைக்கு அரை மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து ஃபெரியில் வான்கூவர் பக்கமுள்ள ட்சவாசன் துறைக்கு வர 1 மணி 35 நிமிடம். ட்சவாசன் உங்கள் சர்ரேக்குப் பக்கம்தான். அந்த மாலை காரோடு தயாராக இருக்கும்படி வீட்டில் இரண்டு மூன்று பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.