பிட்யூட்டரி கட்டி: பினாங்கு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பட்டர்வொர்த்): டாக்டர், அறுவைக்குப் பின் வந்த அறிக்கையில் ‘பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் கட்டி’ என்றிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காளுக்கு அதே இடத்தில் வந்ததை ‘அடினோமா’ என்றார்கள். எனக்கு வந்தது புற்றுநோயா?

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு, அடினோமா (புற்றுநோயல்லாத சுரப்பிக் கட்டி) என்ற சொல்லுக்கு மாற்றாக இந்தப் பெயரை வைத்தது. மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் சில, பக்கத்து எலும்பையும் துளைத்து, மருந்துக்கும் கத்திக்கும் அடங்காமல் மீண்டும் வளர்வதால், பழைய பெயர் பொருந்தாது என்பது ஒரு சாராரின் வாதம். உடலின் பிற பகுதிக்குப் பரவுவது மிக மிக அரிது. அப்படியிருக்க நோயாளியை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று ஹார்மோன் மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். என் மனமும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

ஆனால், போகிற போக்கில் நீங்கள் சொன்ன அக்காள் செய்திதான் என்னை நிறுத்தியது. உடன்பிறந்த இருவருக்கு இக்கட்டி வருவது வழக்கமன்று. 1997இல் அடையாளம் காணப்பட்ட எம்.இ.என்.1 மரபணுவில் பரம்பரையாகக் கோளாறு இருந்தால், ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள பாராதைராய்டுச் சுரப்பியிலும் கணையத்திலும்கூடக் கட்டிகள் தோன்றலாம். 2006இல் கண்டறியப்பட்ட ஏ.ஐ.பி. மரபணுக் கோளாறோ பெரும்பாலும் இளவயதிலேயே பிட்யூட்டரியைத் தாக்கும். ஆகவே, இருவரும் ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கேனும் அடிக்கடி சிறுநீரகக் கல் வந்ததுண்டா என்பதையும் விசாரித்து, உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): அப்பாவின் கல்யாண மோதிரத்தை லிட்டில் இந்தியா நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். சப்பாத்து அளவும் எட்டிலிருந்து பத்தாகிவிட்டது. வயதானால் இப்படித்தானா?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள், தம்பி. அவருடைய பழைய அடையாளக் கார்டையும் இப்போதையதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூக்கு தடித்து, தாடை முன்தள்ளி, பற்களுக்கிடையே சந்து விழுந்திருந்தால், பிட்யூட்டரிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த ஹார்மோன் நாள் முழுதும் ஏறி இறங்குவதால், ஒரு வேளை எடுத்த அளவை நம்ப முடியாது, அதன் தூண்டுதலால் உண்டாகி, ரத்தத்தில் நிலையாக இருக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் பொருளை அளக்கும் பரிசோதனையே முதற்படி. இவ்வகைக் கட்டிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணு மாறியிருக்கிறது. அம்மாற்றம் கட்டியின் உயிரணுக்களுக்குள்ளேயே நேர்வதால், முந்தைய கேள்வியில் சொன்னவற்றைப் போல அது பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): மாதவிடாய் நின்றுபோய்ப் பரிசோதித்ததில், புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க உதவும் ஹார்மோன்) சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டி என்றார்கள். அறுவை வேண்டாம், வாரம் இருமுறை கேபர்கோலின் மாத்திரை போதுமாம். நம்பலாமா, டாக்டர்?

பதில்: நம்பலாம். புரோலாக்டின் சுரப்பை அடக்கும் டோப்பமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் போலச் செயல்படும் அம்மருந்து, பெரும்பாலோருக்கு ஹார்மோனைக் குறைப்பதோடு கட்டியையும் சுருக்கிவிடும். மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கரு தங்கக்கூடும் என்பதால், அதைப் பற்றியும் மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.