ஆங்கிலத் தாளில் தடுமாறும் மகளுக்காக எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

கடிதத்தோடு மகளின் மூன்று மாதிரித் தேர்வு விடைகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அவற்றைப் பார்க்காமல் பதில் எழுதியிருந்தால் பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். கணக்கிலும் ரீசனிங்கிலும் 35-க்கு 25 குறையாமல் எடுக்கிற பெண், ஆங்கிலத்தில் 30-க்கு ஏழு, எட்டு என்று நின்றுவிடுகிறாள். ‘தமிழ் மீடியத்தில் படிக்க வைத்தது எங்கள் தப்பா? பேங்க் எக்ஸாமை விட்டுவிட்டு குரூப் 4 மட்டும் எழுதச் சொல்லட்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு எதுவும் நடக்கவில்லை அம்மா. குரூப் 4 தாராளமாக எழுதட்டும். அதில் 200 கேள்விகளில் 100 தமிழ். ஆங்கிலத்துக்குத் தனிப்பகுதியே கிடையாது. ஆனால் அதற்காக வங்கித் தேர்வை விடச் சொல்லாதீர்கள். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்துவது என்று 2021-ல் மத்திய நிதி அமைச்சகம் முடிவெடுத்தது. கணக்கையும் ரீசனிங்கையும் அவள் தமிழிலேயே படித்து எழுதலாம். ஆங்கிலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல்நிலையில் அதற்கு 30 கேள்விகள், 20 நிமிடம். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப், அதாவது தாண்டியே ஆகவேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண், இருப்பதால், கணக்கில் வாங்கியதை வைத்து ஆங்கிலத்தை ஈடுகட்ட முடியாது. ஆக, ஆங்கிலத்தைச் சரிசெய்தே ஆகவேண்டும். அவளால் அது முடியும் என்று அந்த விடைகளைப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

அவள் விட்ட மதிப்பெண்களில் பெரும்பகுதி, வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் போயிருக்கிறது. சொற்களுக்குப் பொருள் தெரிகிறது. வாக்கியத்தில் யார், என்ன செய்தார் அல்லது என்ன ஆனார், எதோடு பொருள் நிறைவடைகிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதற்கு டிக் அடிக்கிறாள். தமிழ் இலக்கணத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் பிரித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான் அவள். இனி வருவது அவளுக்காக எழுதியது. படித்துக் காட்டுங்கள்.

முதல் மாதிரித் தேர்வில் ஒரு வாக்கியம்: ‘தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ் ஹேவ் பீன் பப்ளிஷ்ட்.’ பிழை இல்லை என்று குறித்திருக்கிறாய். ஏன் அப்படித் தோன்றியது தெரியுமா? ‘தேர்வானவர்களின் பட்டியல் வெளியிடப்பட்டுள்ளது’ என்று தமிழில் சொல்லும்போது ‘பட்டியல்’ என்ற எழுவாய் வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ‘தேர்வானவர்களின்’ என்ற அடைமொழி அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வரும், அடை வால் மாதிரி பின்னால் வரும். அந்த வாலின் கடைசிச் சொல்லான ‘கேண்டிடேட்ஸ்’ வினையை ஒட்டி நிற்பதால், தமிழ்ப் பழக்கத்தில் அதை எழுவாயாக எடுத்துக்கொண்டாய். வெளியிட்டது பட்டியலை. பட்டியல் ஒன்றுதான். அதனால் ‘ஹேஸ் பீன்’ வரவேண்டும். இனிமேல் ‘ஆஃப்’, ‘வித்’, ‘அலாங் வித்’, ‘இன்’ என்று தொடங்கும் துண்டுகளைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் படி. ‘தி மேனேஜர் அலாங் வித் ஹிஸ் கிளார்க்ஸ்’ என்று வந்தாலும் எழுவாய் மேனேஜர் ஒருவர்தான். ‘தேர்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் எழுவாய் வினைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்: ‘தேர் ஆர் த்ரீ பேங்க்ஸ் இன் அவர் டவுன்.’ அங்கே எழுவாய் ‘த்ரீ பேங்க்ஸ்’.

அடுத்தது வினைத்தொகுதி, ஆங்கில வாத்தியார்கள் வெர்ப் ஃபிரேஸ் என்பார்களே, அது. ‘ஷுட் ஹேவ் பீன் இன்ஃபார்ம்ட்’ என்ற நான்கு சொற்களைப் பார்த்துப் பயந்து அந்தக் கேள்வியையே விட்டிருக்கிறாய். இதைத் தமிழில் சொல்: ‘தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.’ இப்போது பின்னாலிருந்து பிரி. வேண்டும் என்பது ஷுட். இருக்க என்பது ஹேவ். பட்டு என்பது பீன். தெரிவிக்க என்பது இன்ஃபார்ம்ட். கண்ணாடியில் பார்த்த மாதிரி வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது புரிந்த நாளில் ஆங்கில வினைகளைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் ‘தி ஃபார்ம் மஸ்ட் பி சப்மிட்’ என்பதில் என்ன குறை என்று உனக்கே தெரியும். ‘சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்பதில் ‘பட’ இருக்கிறது. அதற்கு ‘பி’ மட்டும் போதாது, கடைசி வினையும் ‘சப்மிட்டட்’ என்று மாறவேண்டும். நடுவில் ‘நாட்’, ‘யெட்’, ‘ஆல்ரெடி’ நுழைந்தால் அவற்றை வினையோடு சேர்க்காதே.

மூன்றாவது, காம்ப்ளிமென்ட். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் எஸ்.வி.ஓ. (எழுவாய், வினை, ஆப்ஜெக்ட்), எஸ்.வி.சி. (எழுவாய், வினை, காம்ப்ளிமென்ட்) என்று மனப்பாடம் செய்திருப்பாய். எது ஆப்ஜெக்ட், எது காம்ப்ளிமென்ட் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ‘ஷி மெட் எ டாக்டர்’, ‘ஷி பிகேம் எ டாக்டர்’ இரண்டையும் எடுத்துக்கொள். முதலாவது, டாக்டரைப் பார்த்தாள். இரண்டாவது, டாக்டர் ஆனாள். ‘டாக்டரை ஆனாள்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘ஐ’ உருபு ஏற்றால் ஆப்ஜெக்ட். ஏற்காமல் எழுவாயையே இன்னொரு பெயரால் சொன்னால் காம்ப்ளிமென்ட். ‘புத்தகம் படித்தாள்’ என்று உருபு மறைந்து வரும் இடமும் உண்டு. அங்கே ‘ஐ’யைச் சேர்த்துப் பார், பொருந்தும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது தமிழ் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்: ‘தே எலெக்டட் ஹெர் லீடர்’ என்றால், அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ‘ஐ’ வந்தது ஆப்ஜெக்ட், ‘ஆக’ வந்தது காம்ப்ளிமென்ட்.

இங்கேயே ஒரு பழைய பழக்கத்தையும் கவனி. ‘என் அப்பா விவசாயி’ என்பது தமிழில் முழு வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் காம்ப்ளிமென்ட் தனியாக நிற்காது, ‘இஸ்’ வேண்டும். நீ எழுதிய பத்தியில் ஐந்து இடத்தில் அந்த ‘இஸ்’ விடுபட்டிருக்கிறது.

தமிழ் கைகொடுக்காத ஓர் இடமும் உண்டு. ‘பூ அழகாக இருக்கிறது’, ‘அவள் அழகாகப் பாடுகிறாள்’ என்று இரண்டுக்கும் நாம் ‘அழகாக’ என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘பியூட்டிஃபுல்’, இரண்டாவது ‘பியூட்டிஃபுலி’. ‘தி மில்க் ஸ்மெல்ஸ் பேட்லி’ போன்ற வாக்கியங்களில் இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் பொறி வைக்கிறார்கள். ‘ஸ்மெல்ஸ்’ஸை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பார். பால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் அது காம்ப்ளிமென்ட். அதனால் ‘பேட்’ போதும், ‘லி’ வேண்டாம்.

இனி மறுபடியும் உங்களுக்கு அம்மா. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கிளார்க் வேலைக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. உள்ளூர் மொழி தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள், அது அவளுக்குத் தாய்மொழி. ஆங்கிலம் பேசக் கற்பது நல்லதுதான், வேலை கிடைத்த பிறகு கற்கட்டும். இப்போது அவளுக்கு வேண்டியது பழைய வினாத்தாள்கள், ஒரு பென்சில், தினமும் முக்கால் மணி நேரம். நாளுக்குப் பத்து வாக்கியம் போதும். ஒவ்வொன்றிலும் முதலில் வினையை வட்டமிடட்டும், பிறகு எழுவாய், கடைசியாக மிச்சத்தைப் பார்க்கட்டும். டிகிரி முடித்திருப்பதால், மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கும் இந்த உழைப்பு வீணாகாது. அதன் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 50 மதிப்பெண், இரண்டாம் கட்டத்தில் 135.

‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படி உதவ முடியும்?’ என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். உங்களால் முடியும். ராத்திரி அவள் ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது தமிழில் மூன்றே கேள்வி கேளுங்கள்: யாரு? என்ன பண்ணாங்க, இல்லேன்னா என்ன ஆனாங்க? யாரை, எதை, எப்படி? அவள் தயங்காமல் சொன்னால் அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம். எதில் தடுமாறுகிறாளோ, அதை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.